கண்ணாடி கேட்ட தோல்

அந்தக் கையுறைகளை வாங்கி வந்தவள் நான்தான். கும்பகோணத்தில் ஒரு உரக்கடை. பூச்சிமருந்தின் நெடி வாசற்படிக்கு வெளியே வந்து நம்மை எதிர்கொள்ளும். கம்பியில் ஜோடி ஜோடியாகத் தொங்கின. பச்சை நிறம், முழங்கை மட்டும் நீளம், கெட்டி ரப்பர்.

“எதுக்கும்மா, பாத்திரம் கழுவவா?” என்றார் கடைக்காரர்.

“மருந்தடிக்க.”

“உங்க வீட்டுக்காரருக்கா? பொண்டாட்டிங்க வாங்கிட்டுப் போறதோட சரி. ஒருத்தரும் மாட்டறதில்ல.”

“எங்க வீட்ல மாட்டுவாங்க” என்றேன். எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அதற்கு முந்தைய சாகுபடிப் பட்டத்தில் என் கணவர் மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, முதல் கவளம் பிசையும்போதே அப்படியே முன்னால் சாய்ந்தார். வாந்தி. ஒன்றரை நாள் தலை தூக்கவில்லை. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். இருபது வருஷமாக அடுத்தவர் முழங்கை மடிப்பில் நரம்பு தேடுகிறவள். தோல் என்பது சுவர் இல்லை, வேலி என்று எனக்குத் தெரியும். வேலியில் எத்தனை சந்து இருக்கிறது என்றும் தெரியும். ஈரமும் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் அந்தச் சந்துகள் எப்படி அகலும் என்றும் தெரியும். இவ்வளவு தெரிந்தவளுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வயல் திருப்பனந்தாள் பக்கம். கொஞ்சம் சொந்தம், மிச்சம் குத்தகை. விவசாயம் என்றால் இப்போது பாதி சேற்றில், பாதி ஃபோனில். வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா என்று ஒரு அழைப்பு. நடவு ஆள் வருமா, அறுப்பு மிஷின் எந்த ஊரில் நிற்கிறது, எல்லாம் அழைப்பு. மோட்டாருக்கே ஒரு நம்பர் உண்டு எங்களுக்கு. த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது என்று செய்தி வந்த உடனே மோட்டாருக்கு ஃபோன் போட வேண்டும், அது மணி அடித்துத் தானாக ஓடத் தொடங்கும். பத்து நிமிஷம் தவறினால் அந்த முறைத் தண்ணீர் போயிற்று. சட்டைப்பையில் பாலித்தீன் உறைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டுதான் மனிதர் வரப்பில் இறங்குவார்.

கையுறை வந்த முதல் நாள் வாசலில் நின்று அதைப் போட்டுக்கொண்டு ஃபோனைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். தேய்த்தார். சுண்டுவிரலால் முயன்றார், கட்டைவிரலால் முயன்றார்.

“பாரும்மா, என்னைய ஆளாவே மதிக்க மாட்டேங்குது.”

“மெதுவா தொடுங்க.”

“மெதுவா என்ன, இதுக்குத் தோல்தான் வேணுமாம். ரப்பர் சாப்பிடாதாம்.”

பிறகு மூக்கால் தொட்டார். ஃபோன் திறந்தது. தப்பான இடத்தில் பட்டு கேமரா வந்து, அவருடைய மூக்குத்துளை இரண்டும் திரை முழுக்க நிறைந்தது. நான் சிரித்துச் சிரித்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்ததைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது நினைத்தேன்.

“நான் நாள் பூரா கிளவுஸ் போட்டுக்கிட்டுதான் ஃபோன் பாக்குறேன். எனக்கு வேல செய்யுதே” என்றேன்.

“உன்னுது வெங்காயத் தோலு. என்னுது எருமைத் தோலு.”

அது உண்மைதான். பரிசோதனை நிலையத்தின் மெல்லிய உறைக்குள்ளிருந்து என் விரல் அந்தக் கண்ணாடிக்குத் தெரிந்தது. அவர் விரல் தெரியவில்லை. நான் கொண்டுவந்து கொடுத்த மெல்லிய உறைகள் ஒரு டேங்க் மருந்துக்குத் தாங்கவில்லை, ஸ்பிரேயர் பிடியில் உரசி விரல் நுனிகள் பிய்ந்துவிட்டன. கெட்டி உறையில் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கத்தரித்துவிடவா என்று கேட்டார். ஒரு விரல்தானே, ஒரு நகக்கண் அளவு இடம்.

“அப்பறம் எதுக்குக் கிளவுஸு? பானைல ஓட்டைய போட்டுட்டு மூடி வைக்கிறதா?” என்று சத்தம் போட்டேன்.

கத்தரியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டார். அந்த நகக்கண் அளவு இடத்தை நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். எத்தனையோ இரவு அந்தக் கத்தரியோடு என் நினைவு மல்லுக்கு நிற்கிறது.

சில நாளில், பைக் பெட்டிக்குள் அந்தக் கையுறைகள் ஒரு சொட்டு மருந்துகூடப் படாமல், சேறு ஒட்டாமல் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். மாட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன் என்று அவர் பொய் சொன்னதைவிட, அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவந்தார் என்பதுதான் என்னை எரித்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். மருந்தடிக்கிற நாளில் நான் வேலைக்கு நடுவே வீடியோ கால் பண்ணுவேன். எடுக்க வேண்டும். கையைக் காட்ட வேண்டும்.

“பள்ளிக்கூடத்துல நகம் பாப்பாங்களே, அப்படியா?”

“அப்படித்தான்.”

“டீச்சரம்மா அடிப்பீங்களா?”

“எடுக்கலன்னா நேர்ல வந்து அடிப்பேன்.”

சட்டம் வேலை செய்தது. குளிகை போட்ட மாதிரி வேலை செய்தது. நான் கூப்பிடுவேன். மணி நெடுநேரம் அடிக்கும். பிறகு திரையில் வானம் வரும், தென்னை மட்டை வரும், அவருடைய தாடை வரும், கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு உள்ளங்கை வந்து ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி நிற்கும். “போதுமா டீச்சரு?” வைத்துவிடுவார். எனக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். கெட்டி ரப்பருக்குத் திறக்காத அந்தக் கண்ணாடி எனக்கு மட்டும் எப்படித் திறந்தது, இரண்டு கையும் மருந்திலும் ஸ்பிரேயரிலும் இருக்கிறவர் எந்தக் கையால் என்னை எடுத்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பச்சை உள்ளங்கை தெரிந்தது. அத்தோடு என் கண் நின்றுவிட்டது.

மார்கழியில் சம்பாப் பயிரில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் வயலுக்கு நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும், யாரோ கொள்ளிக்கட்டையால் சூடு வைத்த மாதிரி. அவர் தூங்கவில்லை. பேசவும் இல்லை. மருந்தடிக்க முடிவு செய்த அன்று காலை நான் பேருந்துக்குக் கிளம்பும்போது எங்களுக்குள் சண்டை. குத்தகையை விட்டுவிடுங்கள், நகரத்துக்குப் போய்விடலாம் என்பது என்னுடைய பழைய பாட்டு. அன்றைக்கு அதில் ஒரு வரி கூடிவிட்டது.

“ஒண்ணு அந்த வயல விடுங்க, இல்ல என்ன விடுங்க.”

அவர் மருந்து டப்பாவையும் கையுறைகளையும் பைக் பெட்டிக்குள் வைத்து மூடினார். டப்பாவை முதலில் வைத்தார், கையுறையைப் பிறகு வைத்தார். அந்த வரிசையைக்கூட நான் பிறகு ஆயிரம் தடவை அலசினேன்.

காலையில் எங்கள் நிலையத்தில் வெறும் வயிற்று ரத்தத்துக்குக் கூட்டம் நெரியும். அதற்கு நடுவே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. கோபத்தில்தான் கூப்பிட்டேன், அக்கறையில் என்று இப்போது சொல்லிக்கொள்ள மாட்டேன். காலைச் சண்டைக்குப் பழிவாங்க எடுக்காமல் இருக்கிறார் என்று தோன்றத் தோன்ற இன்னும் வேகமாகக் கூப்பிட்டேன். ஒருவழியாக எடுத்தார். வானம். தாடை. பச்சைக் கை.

“ஏன் எடுக்கல?”

“டேங்கு முதுகுல இருக்குடி.”

முகத்தைத் திருப்பி எங்கோ துப்பினார். முழங்கையால் வாயைத் துடைத்தார். என்ன என்று கேட்க வாயெடுத்தேன். எதிரில் ஒரு பெரியவர் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வைத்துவிட்டேன். அந்தக் காலை முழுவதும் அப்படி நான்கு தடவை அவரை எடுக்க வைத்தேன்.

பகலில் பக்கத்து வயல்காரர் கூப்பிட்டார். என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர்.

“அண்ணி, பதறாதீங்க. அண்ணன் வரப்புல உக்காந்துட்டாரு. எந்திரிக்க மாட்டேங்குறாரு. வாயில எச்சி ஊத்துது.”

கும்பகோணத்தில் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவருடைய கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருந்தது. கன்னத்துச் சதை தோலுக்கு அடியில் புழு ஓடுவதுபோலத் துடித்துக்கொண்டிருந்தது. எச்சில், வியர்வை, கண்ணீர், உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் ஒரே சமயத்தில் வெளியே போக வழி தேடியது.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் குனிந்து அவர் வாயை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எவ்ளோ குடிச்சாரு?”

“குடிக்கல சார். அடிச்சாரு. வயலுக்கு அடிச்சாரு.”

“வாயில வாசன வருதேம்மா.”

“கிளவுஸ் போட்டிருந்தாரு சார். நான் பாத்தேன்.”

“அதான் சொல்றேன். கை சுத்தமா இருக்கு. வாய்லதான் வருது.” அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தினமும் பார்க்கிற அலுப்புதான் இருந்தது. “மறைக்காதீங்க. நாங்க வைத்தியம் பாக்கணும்.”

குழாயை உள்ளே விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசி மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. மூச்சுக் குழாய் போட்டார்கள். இனி அவரிடம் கேட்க முடியாது. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது என் தொழில், எனக்குத் தெரியும். அந்தப் பரிசோதனை விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். எந்த வழியாக ஏறியது என்று சொல்லாது.

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மருந்து குடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயியும் பூச்சிமருந்தும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நடுவில் வருகிற வினைச்சொல்லை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. என் கணவரின் அக்கா வந்தார். கண்ணாடிக் கதவு வழியாகத் தம்பியைப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தார்.

“காலைல வீட்ல என்னடி நடந்துச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா?”

 என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வரியை நான் சொல்லியிருந்தேன். அவர் பதில் சொல்லாமல் டப்பாவை எடுத்து வைத்திருந்தார். திரையில் பார்த்தது முகம் திருப்பித் துப்பியது, வாய் துடைத்தது. குடித்துவிட்டுத்தான் என்னிடம் கை காட்டினாரா? போதுமா டீச்சரு என்று? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு நாள் இதையேதான் அரைத்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேனா, பிழைத்து ‘நான் குடிக்கல’ என்று சொல்ல வேண்டும் என்று வேண்டினேனா, பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மூன்றாம் நாள் பக்கத்து வயல்காரர் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டிருந்தார். மோட்டாரை அவரே போட்டுவிட்டதாகச் சொன்னார். மிச்ச மருந்தை மண்ணில் ஊற்றி மூடிவிட்டதாகச் சொன்னார். பிறகு, துக்கத்தில் சிரிப்பு வருமே அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“உங்க ஃபோனு வந்தா அண்ணன் படுற பாடு இருக்கே. ஒரு கையில ஸ்பிரேயர் குழலு, கீழ போட்டா சேறு அடைச்சுக்கும். இன்னொரு கை கிளவுஸ பல்லால கவ்வி இழுத்துட்டு, வாயிலயே வெச்சுக்கிட்டு ஃபோன எடுப்பாரு. அப்பறம் துப்பிட்டு, குழல கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கிளவுஸு கழட்டாத கைய காட்டுவாரு. ‘நாய் செருப்ப கவ்வுற மாதிரி கவ்வுறீங்களேண்ணே’ன்னு கிண்டல் பண்ணுவேன். ‘டேய், என் பொண்டாட்டி பாக்குறா, சும்மா இரு’ம்பாரு.”

நான் அவரை நிறுத்தவில்லை. அவர் தானாக நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“எத்தன நாளா?” என்றேன்.

“நீங்க வீடியோல கூப்புட ஆரம்பிச்சதுலேர்ந்து அண்ணி.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கு நான் அந்தக் கோடியில இருந்தேன். ஆனா நீங்க கூப்புட்டீங்கல்ல? எடுத்தாருல்ல?”

கூப்பிட்டேன். எடுத்தார். காலை முழுக்க நான்கு தடவை எடுத்தார், எடுக்காத ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் கவ்வியிருப்பார். மருந்து ஊறிய ரப்பரை நாக்கு நுனிக்கும் பல்லுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, வெறும் விரலால் என் பெயரைப் பக்கவாட்டில் தள்ளியிருப்பார். நான் தோலுக்குக் காவல் போட்டுவிட்டு வாயைத் திறந்துவிட்டேன்.

கையுறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்தார். இடது கை உறை புதுசு மாதிரி இருந்தது. வலது கையில் நடுவிரல் நுனியில் ரப்பர் வெளுத்துச் சொரசொரத்திருந்தது, சின்னச் சின்னப் பள்ளங்கள், மேல்வரிசைக்கு நான்கு, கீழே மூன்று. அவருக்குக் கீழ்ப்பல் ஒன்று கிடையாது. விரலை வைத்து அந்தப் பள்ளங்களை எண்ணினேன். அழுகை வரவில்லை. ஒரு கொடூரமான நிம்மதி வந்தது. அவர் என்னை விட்டுப் போக நினைக்கவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலையில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோய் அவர் இறந்தார்.

உடலை அறுப்பதற்கு முன்னால் வாக்குமூலம் வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டய்யா வந்தார். நல்ல மனிதர். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். கணவரின் அக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். ஐந்து நாளாக அவர் என்னோடு உட்காரவில்லை.

“மருந்து தெளிக்கும்போது காத்து எதுத்து அடிச்சு, தவறுதலா வாய்க்குள்ள போயிடுச்சு. சரியாம்மா? அப்படியே போட்டுடறேன். உங்களுக்குத் தொந்தரவு வராது.”

அந்த வரி எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடித்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் எழுதுவார்கள், மிச்சமிருக்கிறவர்கள் தலைநிமிர்ந்து நடக்கட்டும் என்று இரக்கப்பட்டு எழுதுகிற வரி. காற்று எதிர்த்து அடித்தது என்று ஒரு தாளில் இருந்தால், படிக்கிறவன் மனசுக்குள் ‘குடித்தான்’ என்று படித்துக்கொள்வான்.

“காத்து அடிக்கல ஏட்டய்யா” என்றேன். “நான் ஃபோன் பண்ணினேன். கிளவுஸோட எடுக்க முடியாது. பல்லால கழட்டினாரு. அத எழுதுங்க.”

பையைப் பிரித்து வலது கை உறையைக் காட்டினேன்.

“அத கீழ வைம்மா மொதல்ல. தொடாத.” பேனாவை நிறுத்தினார். “இதெல்லாம் எதுக்கு? நீ ஃபோன் பண்ணினத எல்லாம் எழுதினா உன் பேருதான் வரும்.”

“வரட்டும்.”

“எத்தன தடவ பண்ணினேன்னு கேப்பாங்க.”

“எடுத்தது நாலு. எடுக்காதது ஏழு. அவரு ஃபோன்ல இருக்கு.”

சுவரில் சாய்ந்திருந்த அக்கா கிட்டே வந்தார். குனிந்து அந்தக் கையுறையைப் பார்த்தார். நடுவிரல் நுனியைப் பார்த்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

“வேணாம்டி” என்றார் மெதுவாக. “காத்துன்னே இருக்கட்டும். ஊரு உன்னச் சொல்லும். நீ அங்கதான் இருக்கணும்.”

“அவரச் சொல்றதுக்கு ஊரு என்னையே சொல்லட்டும்.”

ஏட்டய்யா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எழுதிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, புதிதாக எழுதினார். வாசித்துக் காட்டினார். ‘மேற்படி நபரின் மனைவி அலைபேசியில் தொடர்ச்சியாக அழைத்ததால்’ என்று இருந்தது. தொடர்ச்சியாக என்ற சொல்லில் கொஞ்சம் தயங்கி என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மரத்தடியில் எங்கள் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து அவர்களிடம் நடந்தார். அவர் குரல் தாழ்வாரம் வரை கேட்டது.

“அவன் குடிக்கல. இவ கூப்புட்டா. அவன் எடுத்தான்.”